கறையா, புகையா

காஸ்த்ரோ சந்தையில் மூவாயிரம் பேசோவுக்கு
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நெகட்டிவ் வாங்கினேன்.
பெரும்பாலும் ஞானஸ்நானங்கள், நாய்கள்,
யாருடையதோ ஒரு புதுச் சைக்கிள், ஏழு கோணங்களில்.
அடியில் ஒட்டிக்கிடந்தது இது:
கடலின் மேல் ஒரு வீடு.

பலகை ஓடு வேய்ந்த மாடி வீடு.
அடியில் பீப்பாய்கள் கட்டி,
விசைப்படகொன்று வடம் போட்டு இழுக்க,
கரையில் நுகம் பூட்டிய ஆறு ஜோடி மாடுகள்
சம்பந்தி வீட்டாருக்குக் காத்திருப்பதுபோல் நிற்கின்றன.

சீலோவே தீவுகளில் இது அதிசயமில்லை.
மனை பிடிக்காவிட்டால் வீட்டையே கூட்டிக்கொண்டு போவார்கள்.
ஊர் கூடி இழுக்கும்.
கூலி: சிப்பியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் மதுவும்.

புகைக்கூண்டிலிருந்து புகை வருகிறது,
அதுதான் அதிசயம்.

பெரிதாக்கி என் மருந்துக்கடைச் சுவரில்
இருமல் மருந்து விளம்பரத்தின் மேல் ஒட்டினேன்.
அன்றிலிருந்து கடையில்
சீட்டைக் கொடுத்துவிட்டு யாரும் உடனே போவதில்லை.

பழைய படகு மெக்கானிக் ஓயார்சோ சொன்னார்:
"அலையைப் பார். காற்று வடக்கிலிருந்து.
புகை ஏன் வடக்கே சாய்கிறது?
அது விசைப்படகின் புகை, மூடா."
(மூடன் நான்.)

கறிக்கடை மிரேயா மாடுகளை எண்ணினாள்.
ஏழு ஜோடியாம்.
ஏழாவதன் கொம்பு மட்டும் ஓரத்தில் இருக்கிறதாம்.
இருக்கிறது.
அவள் கைப்பேசியில் அனுப்ப, புந்தா அரேனாஸிலிருந்து
அவள் மச்சான் நள்ளிரவில் குரல் அனுப்பினான், பத்து நிமிடம்.
முக்கால்வாசி அங்கே பெய்யும் மழை.
மிச்சம், அந்த மணிக்கோபுரம்
எங்கள் ஊருடையதே அல்ல என்பது.

நிபால்தோ கார்கமோ வெள்ளிதோறும் வருவார்,
சர்க்கரை மாத்திரைக்கு.
"கறை," என்பார். "பிலிம் கழுவினவன் விட்ட கறை.
மிதக்கிற வீட்டில் எந்தக் கிறுக்கன் அடுப்பு மூட்டுவான்?
எதிர்த்தீவுக்காரன் வேண்டுமானால் மூட்டுவான்.
நாங்கள் இந்தக் கரையில் பிறந்தவர்கள்."

ஒரு செவ்வாய், நல்ல மழை, கடையில் ஆளில்லை.
அவர் அக்கா ஒஃபேலியா
ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தாள்.
பார்த்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"அடுப்பு அணைந்தால் பிள்ளை தங்காது என்றாள் மருத்துவச்சி.
மூன்று நாள் பிள்ளை, ஒரு ரொட்டி அளவு.
வடம் கட்டியாகிவிட்டது,
மாடுகள் வந்துவிட்டன,
கடல் அன்று ஒருநாள்தான் சும்மா கிடந்தது.
அம்மா இறங்கமாட்டேன் என்றாள்.
விறகு எடுத்துக் கொடுத்தது நான்.
ஆறு வயது.
தரை சாயும்போதெல்லாம்
அடுப்புக் கதவு திறந்துகொள்ளும்.
முழங்காலால் அழுத்திப் பிடித்திருந்தேன்."

கையால் முழங்காலைத் தொட்டாள்,
பாவாடைக்கு மேலாகவே.

"அவனிடம் சொல்லாதே.
இங்கே பிறந்ததாகத்தான் பதிவு.
அந்தப் பெருமையில்தான் நடக்கிறான்."
சில்லறையை எண்ணிப் பார்த்தாள். ஐம்பது குறைந்தது.
கொடுத்தேன்.

இரவு கடையை மூடிவிட்டு
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
ஜன்னல்கள் நான்கும் கறுப்பு.
முழங்கால் எதுவும் தெரியவில்லை.
மணிக்கோபுரம் பற்றி
அந்த மச்சான் சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை நிபால்தோ வந்தார்.
மூக்கு படத்தில் படும்வரை நெருங்கி நின்றார்.
கறை, என்றார்.
ஓயார்சோ, காற்று, என்றார்.
மிரேயா, ஏழு, என்றாள்.
நான் மாத்திரைகளை உறையிலிட்டு
காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதினேன்,
இருபது வருடமாக அவருக்குத் தெரிந்ததை.

வாசல்வரை போனவர் திரும்பினார்.
"எனக்கொரு பிரதி போட்டுக் கொடு.
சமையலறையில் மாட்டலாம், மாடுகள் நன்றாக இருக்கின்றன.
அந்தக் கறையை மட்டும்
எடுத்துவிட்டுத் தர முடியுமா?"

முடியாது என்றேன்.
கொஞ்சம் அதிகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.
மிரேயா திரும்பிப் பார்த்தாள்.